சுவரோடு ஒட்டிய இருட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'த கேபினட் ஆஃப் டாக்டர் காலிகரி' (1920) என்ற ஜெர்மன் படம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். மௌனப்படம் என்றால் சாப்ளினோடு நிறுத்திக்கொள்கிற நமக்கு இப்படிப்பட்ட கட்டுரைகள் அவசியம். ஒரே குறை, படத்தின் அரங்க அமைப்பைக் "கோணல்மாணலான வீடுகள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டுக் கட்டுரையாளர் கதைக்குப் போய்விட்டார். (படம் பார்க்காதவர்களுக்கு: சந்தைக்கு வரும் காலிகரி, தூக்கத்தில் நடக்கும் செசாரேவை ஏவிக் கொலை செய்ய வைப்பதுதான் கதை. அதை நமக்குச் சொல்பவன் ஃபிரான்சிஸ்; கொலையாகிறவர்களில் அவன் நண்பன் ஆலனும் ஒருவன்.) என்னைக் கேட்டால் அந்தக் கதையைவிட அந்த வீடுகள்தான் பயமுறுத்துகின்றன.

இயக்கியவர் ராபர்ட் வீனே. அரங்கம் ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் மூவரின் கைவேலை. பெர்லினில் ஒரு ஸ்டூடியோவுக்குள்ளேயே ஹோல்ஸ்டன்வால் என்ற ஊரைத் துணியிலும் அட்டையிலும் வரைந்து நிறுத்தினார்கள். சந்து, ஜன்னல், கூரை மட்டுமல்ல, நிழலையும் வெளிச்சத்தையும்கூடத் தூரிகையால் தீட்டிவிட்டார்கள். விளக்கால் விழும் நிழல் ஆள் நகர்ந்தால் நகரும், பொழுது விடிந்தால் கலையும். இந்த ஊரில் அது நடக்காது. விடிந்த பிறகும் இருட்டு சுவரோடு ஒட்டிக்கிடக்கிறது. பகல் காட்சிகளிலும் நமக்கு மூச்சு முட்டுவது அதனால்தான்.

இப்படி நிழலையெல்லாம் வரைந்து வைத்தவர்கள், ஆலன் கொலையாகும் காட்சியில் நிஜ நிழலைச் சுவரில் ஆடவிடுகிறார்கள். கொலைகாரனின் முகத்தைக் காட்டவில்லை. கட்டிலுக்கு மேலே இரண்டு நிழல்கள் மல்லுக்கட்டுகின்றன, அவ்வளவுதான். அதற்குள் கை தானாக நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

நகராட்சி எழுத்தர் உட்கார்ந்திருக்கும் அந்த உயரமான முக்காலியையும் சொல்லாமல் விட முடியாது. சந்தையில் காட்சி நடத்த அனுமதி கேட்டு வரும் காலிகரி கீழே நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. எந்த அலுவலகத்திலாவது மனுவோடு காத்து நின்றவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

நடிப்பில் எல்லாரும் இந்த அரங்கத்தோடு பொருந்தவில்லை. ஃபிரான்சிஸாக வருபவர் மேடை நாடகத்தனமாகக் கைகளை வீசுகிறார். செசாரேவாக வரும் கான்ராட் ஃபைட் வேறு ரகம். கறுப்பு உடையில், முதுகும் கையும் சுவரை உரச அவர் நகரும்போது, வரைந்த கோடுகளில் ஒன்று கழன்று நடந்து வருவது போலிருக்கிறது.

கட்டுரையின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. (நூறு வருஷம் தாண்டிய படம், முடிவைச் சொல்வதில் தவறில்லை.) எல்லாம் மனநோயாளியான ஃபிரான்சிஸின் கற்பனை என்று தெரிந்ததும் கோணல்களுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது என்கிறார் கட்டுரையாளர். அப்படியானால் ஃபிரான்சிஸ் கதை சொல்லி முடித்ததும் சுவர்கள் நிமிர்ந்திருக்க வேண்டுமே? அவன் இருக்கும் மனநல மருத்துவமனை முற்றத்தின் தரையில் அதே கோடுகள் அப்படியே இருக்கின்றன. கதைக்குள் காலிகரியை அடைத்த அதே அறையில்தான் கடைசியில் ஃபிரான்சிஸையும் அடைக்கிறார்கள். அதிகாரத்தைச் சாடிய கதையை இந்த முடிவு மழுங்கடித்துவிட்டது என்று 1947இல் வந்த தன் நூலில் ஜெர்மன் திரைப்பட விமர்சகர் க்ராகவர் வாதிட்டார். கதையை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் சொல்வது சரி. ஆனால் அரங்கம் அந்த முடிவுக்கு ஒத்துப்போக மறுக்கிறது. இவனைக் குணப்படுத்தும் வழி தெரிந்துவிட்டது என்று, ஃபிரான்சிஸ் காலிகரி என்று நினைக்கும் அந்த மருத்துவர் சொல்லும்போது, எனக்கு அவர் மேல் துளியும் நம்பிக்கை வரவில்லை.

படத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் கிடைக்கும் மங்கலான கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் தூரிகைத் தடமே தெரியாது. பழைய ஜெர்மன் படங்களைப் பாதுகாக்கும் முர்னாவ் அறக்கட்டளை புதுப்பித்து 2014இல் வெளியான, பழைய நிறச்சாயங்களோடு கூடிய பிரதியைத் தேடிப் பாருங்கள்.

அதே 1920இல் வந்த 'கோலெம்' படத்துக்குக் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் பெல்ஸிக் ஒரு யூதக் குடியிருப்பையே நிஜமாகக் கட்டி எழுப்பினார். அதைப் பற்றியும் இதே கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள். இந்த முறை வீடுகளுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்