தலையில்லாத சிலை

டேய் சேகர்,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு உன் மெசேஜ் பார்த்தேன், இப்ப நடக்குறாங்களா? வலி எப்படி இருக்கு, எழுது. நான் வேலைக்குன்னு கானா வந்து நாலு மாசம் ஆச்சு, டெமாலதான் ரூம்.

போன ஞாயிறு அக்ரால, கானாவுக்கு சுதந்திரம் வாங்கித் தந்த முதல் தலைவர் குவாமே நிக்ரூமா நினைவிடத்துக்குப் போனேன்டா. 1966ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சப்ப உடைச்சுத் தள்ளின அவரோட சிலைய அங்க அப்படியே நிறுத்தி வச்சிருக்காங்க, உடம்பு ஒரு பக்கம், தலை தனியா ஒரு பீடத்துல. அதைப் பார்த்துட்டு ஹாஸ்டல்ல நாம போட்ட சண்டைதான் ஞாபகம். நீ சர்வாதிகாரின்னு சொல்லுவ, நான் உடனே கோகோ விலை விழுந்துச்சு, அவரைக் கொல்லப் பார்த்தாங்க, வேற என்ன பண்ணுவாருன்னு கத்துவேன்.

ரெண்டும் நிஜம்தான். ஆனா குலுங்குகுங்கிற ஊர்ல அவர் மேல குண்டு வீசினது 1962ல, கோகோ விலை சரிஞ்சது 1965ல, விசாரணையே இல்லாம அஞ்சு வருஷம் உள்ள வைக்கிற சட்டம் 1958லயே வந்துடுச்சுடா, சுதந்திரம் கிடைச்ச மறுவருஷமே. இதைக் கொண்டுவந்தவர் யாரு, வெள்ளைக்காரன் ஜெயில்ல இருந்துக்கிட்டே 1951 எலெக்‌ஷன்ல ஜெயிச்சவர்! லண்டன்ல இருந்த அவரை 1947ல ஊருக்குக் கூப்பிட்டு செயலாளர் ஆக்கினது டான்குவாங்கிற வக்கீல் இருந்த கட்சி, அந்த டான்குவா அதே சட்டத்துல உள்ள போய் 1965ல நசாவம் ஜெயில்லயே செத்துப்போனாரு. செயலாளர் வேலைக்கு நிக்ரூமா பேரை சிபாரிசு பண்ணின, பின்னாடி அவர்கிட்டயே மந்திரியா இருந்த ஆக்கோ அட்ஜெய்யை அந்தக் குண்டு கேஸ்ல கோர்ட் விடுதலை பண்ணுச்சு, அதுக்காக நிக்ரூமா தலைமை நீதிபதியவே பதவியில இருந்து தூக்கிட்டாரு. இதுக்கு என்கிட்ட பதில் இல்லடா, எந்த வெளிநாட்டுக்காரன் மேலயும் பழி போட முடியல.

வோல்டா ஆத்துல கட்டின அகோசொம்போ அணைய 1966 ஜனவரில திறந்தாரு, அடுத்த மாசம் ஆட்சியே போச்சு, ஆனா இன்னைக்கும் அங்கேருந்து கரண்ட் வருது. அந்த அணையால உண்டான ஏரிக்காக சுமார் 80,000 பேர் ஊரைக் காலி பண்ணினாங்க, அதையும் சொல்லணும்.

எங்க வீட்டு ஓனர் அம்மா ரிட்டயர்டு டீச்சர். 1961 சட்டத்துல ஃபீஸ் இல்லாம ஆனதாலதான் ஸ்கூலுக்கே போனேன், இல்லன்னா சந்தைல தக்காளி வித்திருப்பேன்னு கண்ணு கலங்கச் சொன்னாங்க. நசாவம் பத்திக் கேட்டேன். "அதுவும் அவர் செஞ்சதுதான், கிழவரை அப்படிச் சாக விட்டிருக்கக் கூடாது"ன்னு அதே மூச்சுல சொன்னாங்கடா. அன்னைக்கு நீ அந்த ஜெயில் பேச்சை எடுத்தப்பல்லாம் நான் உன்னைப் பேசவே விடல, தப்புதான்.

பொங்கலுக்கு வரேன், மொட்டை மாடில உக்காந்து பேசுவோம். அம்மாவைக் கேட்டதா சொல்லு.

உன்,
பாலா