பழைய வாட்டர் டெண்டர் (தண்ணீர்த் தொட்டியுள்ள தீயணைப்பு வண்டி) திருப்பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பட்டி, பெயின்ட், மணி, ஏணிக் கொக்கி, உட்காரும் பலகை எல்லாம் முடிந்தன. அதில் யாருக்கும் குறையில்லை. சண்டையெல்லாம் பம்புக்குத்தான்: "ரோட்டில் இறங்காத வண்டிக்குப் பம்ப் எதற்கு? அதற்கு ஏன் இவ்வளவு அதிகச் செலவு?"

15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்து. நம் லேலண்டு காமெட் வண்டி ரோட்டில் ஓடாது, உண்மைதான். ஆனால் 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் மாண்ட தீயணைப்போரை நினைக்கும் நாளில், கிணற்றிலிருந்து தண்ணீர் அடித்துக் காட்டத் தீர்மானம் போட்டது பொதுக்குழு. கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள்தான்.

பட்டறைக்காரர் வண்டியின் தொட்டித் தண்ணீரை அடித்துக் காட்டி, பம்ப் சரி என்றார். தொட்டித் தண்ணீர் தானாகப் பம்புக்குள் இறங்கிவிடும்; காற்று புகுவது தெரியாது. கிணற்றுத் தண்ணீரைப் பம்ப் வெற்றிடத்தால் மேலே இழுக்கவேண்டும்; அங்கேதான் குட்டு வெளிப்படும். பிரைமரால் (பம்பிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவி) 22 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் ஏற்றினால், ஐந்து நிமிடத்தில் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக்கூடாது. நம் பம்பில் ஒரே நிமிடத்தில் மீட்டர் முள் சுழிக்கு வந்தது. உடனே பட்டறைக்காரர் கிளாண்ட் நட்டை (ஷாஃப்ட் பம்பை விட்டு வெளியே வரும் இடத்தில் அடைப்பை இறுக்கும் நட்டு) முறுக்கி அரைமணி நேரம் ஓட்டினார். ஓடும்போது கிளாண்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தே தீரவேண்டும். ஷாஃப்ட் சூடேறாமல் காப்பது அதுதான். அவர் முறுக்கிய முறுக்கில் அந்தச் சொட்டு நின்று, உள்ளே அடைப்பாக இருந்த பேக்கிங் கருகியது. ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ஸ்லீவ் என்ற உறையில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்தது. புது ஸ்லீவ் கடைய 6,800 ரூபாய். நீங்கள் கேட்கும் அதிகச் செலவு இதுதான்.

பிரைமரை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் ஊதுபத்தி காட்டினோம். வெற்றிட மீட்டருக்குப் போகும் செப்புக் குழாய் நட்டில் புகை உள்ளே இழுபட்டது. காற்று புகுந்தது அங்கேதான். தேவைப்பட்டது பன்னிரண்டு ரூபாய் வாஷர்! புதுப் பேக்கிங் வளையங்களைச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய்கள் நேருக்குநேர் வராதபடி கால் சுற்று தள்ளித் தள்ளிப் போட்டோம்.

தொட்டி ஓட்டையை அடைத்ததும் அதே பட்டறைக்காரர்தான். சுத்தமான வேலை, அந்தக் கூலியைக் கொடுத்தோம். ஸ்லீவ் பணத்தில் பாதியை அவருக்குத் தரவேண்டிய மற்றப் பணத்தில் பிடித்துக்கொண்டோம். மீதிக்கு வழக்குப் போடச் சொல்பவர்கள் வக்கீல் ஃபீஸையும் சேர்த்துச் சொல்லட்டும்.

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர்களின் பெயர்ப்பலகை பதவி வரிசையில் இல்லை, சேர்ந்த வரிசையில் இருக்கிறது. ஓட்டுநர் பெயர் நிலைய அலுவலருக்கு மேலே வந்ததில் சிலருக்கு வருத்தம். மாற்றுவதாக இல்லை.

உதவியவர்கள்: சிவப்பு பெயின்ட் முழுவதும் கொடுத்த பஜார் பெயின்ட் கடை, பலகை தந்த மரவாடி, மணிக்குப் பாலிஷ் போட்ட பாத்திரக்கடை, டயர் கொடுத்த லாரி உரிமையாளர்கள், மதியச் சாப்பாடு போட்ட மெஸ், நிகழ்ச்சிப் பந்தலுக்குப் பணம் கட்டிய பட்டாசுக் கடைக்காரர்கள்.

கணக்குப் புத்தகம் சங்க அறை மேஜையில் இருக்கிறது. ஊதுபத்தி பாக்கெட்டுக்கும் ரசீது உண்டு.

நிர்வாகக் குழு