உன் தோளில் இருக்கும் மச்சம்

அன்பு மகளுக்கு,

சிறுவயதில் கறுத்துத் தட்டையாக இருந்த தோள் மச்சம் இப்போது வெளுத்துப் புடைத்திருப்பது ஏன் என்று கேட்டிருந்தாய். நீ பிறந்தபோது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. உன்னைக் குளிப்பாட்டியவன் நான், எனக்குத் தெரியும்.

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் தோலிலேயே பிறந்தவை அல்ல. கருவில் மூளையாகவும் தண்டுவடமாகவும் உருப்பெறும் நரம்புக்குழாயின் விளிம்பிலிருந்து புறப்பட்டு, மெல்ல நகர்ந்து வந்து, மேல்தோலின் அடிவரிசையில் குடியேறியவை. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் செல்கள் இவற்றுக்குப் பங்காளிகள். குடியேறியபின் ஒவ்வொன்றும் தனித்தனியே நின்று, நீண்ட கிளைகளை விரித்து, சுற்றியிருக்கும் 30க்கும் மேற்பட்ட தோல் செல்களுக்கு மெலனின் என்னும் நிறமியின் மணிகளை வழங்கிக்கொண்டிருக்கும்.

மச்சத்தில் அந்த ஒழுங்கு இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்த்த நாட்களில் நுண்ணோக்கியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்: கிளைகளை இழந்து உருண்டுபோன செல்கள் கூடு கூடாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், மேலே இருப்பவை பருத்துப் பழுப்பேறியிருக்க, உள்தோலுக்குள் இறங்கியவை ஆழம் போகப் போகச் சிறுத்து, நிறத்தையும் விட்டிருக்கும். உன் மச்சம் வெளுத்ததற்கும் புடைத்ததற்கும் பெரும்பாலும் இந்த இறக்கம்தான் காரணம்.

இவ்வளவும் பெரும்பாலும் ஒரே செல்லின் வாரிசுகள் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. பிறந்தபின் தோன்றும் மச்சங்களில் பெரும்பான்மையானவற்றில், பிராஃப் என்னும் மரபணுவில் ஓர் எழுத்து மாறி, அதன் புரதத்தில் 600ஆம் இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்திருப்பதை 2003இல் கண்டறிந்தார்கள். (பிறவியிலேயே இருக்கும் பெரிய மச்சங்களின் கதை வேறு.) அந்த மாற்றத்தால் ‘பெருகு’ என்னும் கட்டளை ஓயாமல் ஒலிக்க, செல் பெருகத் தொடங்குகிறது, ஆனால் ஓரளவுக்குப் பிறகு பி16 முதலான தடைப் புரதங்கள் தலையெடுத்து அதை நிறுத்திவிடுகின்றன. மெலனோசைட்டுகளில் தோன்றும் மெலனோமா புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதே மாற்றம்தான் இருக்கிறது, அங்கே அந்தத் தடையும் உடைந்துபோயிருக்கும். அதற்காக ஒவ்வொரு மச்சத்தையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மெலனோமாக்கள் மச்சமே இல்லாத தோலில்தான் கிளம்புகின்றன.

ஆண்டுக்கணக்கில் மெதுவாக, சீராக மாறியது என்று நீ எழுதியிருப்பதால் நான் பயப்படவில்லை. ஆனால் சில மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் பரவினாலோ, விளிம்பு கோணினாலோ, பல நிறம் காட்டினாலோ, இரத்தம் கசிந்தாலோ தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போ. இப்போதைக்கு, பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. முதுகுப்பக்கமாக இருப்பதால் உனக்கு எட்டாது, யாரையாவது எடுக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா