இன்னொரு முறை பிரஷர் பார்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நானும் என் மகளும் நலம். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறி உடல் உறுப்புகளைப் பாதிக்கும் பிரீஎக்ளாம்ப்சியா என்ற நோயிலிருந்து எங்கள் இருவரையும் மீட்டவர்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடல்.

முதல் நன்றி, பரிசோதனை அறையில் இருந்த செவிலியர் அக்காவுக்கு. 35ஆவது வாரத்தில் வழக்கமான பரிசோதனைக்கு வந்திருந்தேன். பிரஷர் 148/96 என்று காட்டியது. படியேறி வந்ததால் இருக்கும் என்றேன். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தீர்கள். இறங்கவில்லை. உடனே சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்தீர்கள், இருந்தது. "தலை வலிக்குதா? கண்ணுல பூச்சி பறக்குதா? வலது விலாவுக்குக் கீழ வலிக்குதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். காலையிலிருந்தே கண்ணோரம் மினுமினுவென்று ஏதோ தெரிந்துகொண்டிருந்தது. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அதை ஒரு விஷயமாகவே சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்து, கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கிய டாக்டருக்கு. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் போதிய அளவு விரியாமல் போவதும், பின்னர் நஞ்சுக்கொடியிலிருந்து கிளம்பும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களைப் பாதிப்பதும், அதனால் சிறுநீரகம், கல்லீரல், மூளை எல்லாமே சிக்கலுக்குள்ளாவதும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள். "நீங்க கவலைப்பட்டதாலயோ, உப்பு சேர்த்துக்கிட்டதாலயோ வந்தது இல்லை" என்றும் சொன்னீர்கள். அந்த நேரத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட சொற்கள் அவை.

அன்று இரவே பிரஷர் 170/112 ஆனது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறையத் தொடங்கின. மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். அது பிரஷரைக் குறைக்கும் மருந்து அல்ல, வலிப்பு வராமல் தடுக்கும் மருந்து. உடம்பெல்லாம் அனலுக்கு முன்னால் நிற்பது போல எரிந்தது. இரவுப் பணியில் இருந்த தங்கையே, நீங்கள் அன்று உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டி கால் அசைகிறதா என்று பார்த்தீர்கள், மூச்சை எண்ணினீர்கள், சிறுநீரை மணிக்கு மணி அளந்தீர்கள். அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால் முதலில் அந்தக் கால் அசைவு நிற்கும், அப்புறம் மூச்சே தடைபடலாம் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். முறிமருந்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தீர்களாம். நடு இரவில் ரத்த மாதிரியை வாங்கிப்போய் உடனே முடிவு சொன்ன ஆய்வகத்து ஊழியர்களுக்கும் நன்றி.

இங்கே, நான் ஒருபோதும் பார்க்கப்போகாத சிலரையும் சொல்ல வேண்டும். 2002இல் மேக்பை என்ற ஆய்வின் முடிவு வெளியானது. மக்னீசியம் சல்பேட் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று உறுதிசெய்த ஆய்வு அது. 33 நாடுகளைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கிடைத்தது மருந்தில்லாத ஊசி. என்னைப் போலவே பயந்து படுத்திருந்த நேரத்தில் "சரி, சேர்கிறேன்" என்று சொன்ன அந்த அம்மாக்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மறுநாள் ஆபரேஷன், மகள் பிறந்தாள். எடை குறைவு, ஆனால் நன்றாக அழுதாள். மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்ததால் என்னால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. பச்சிளம் குழந்தைகள் பிரிவிலிருந்து அவள் படத்தை எடுத்து வந்து காட்டிய சகோதரிக்கும், இரண்டு வார்டுகளுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்த என் கணவருக்கும், அருகிலேயே இருந்த அம்மாவுக்கும் அத்தைக்கும் நன்றி.

குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைக்கும் ஆபத்து உண்டு என்று, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு செவிலியர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் பிரஷர் பார்க்க வேண்டும். 160/110 ஆனாலோ, தலைவலி மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த சில நாளில் தலை பிளந்தது. தூக்கமில்லாத தாய்க்குத் தலை வலிப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அண்ணி மட்டும் அந்தச் சீட்டை எடுத்துப் படித்தார், பட்டையைக் கையில் சுற்றினார். 164/112. சற்று நேரம் விட்டு மறுபடி பார்த்தார், அப்படியே இருந்தது. யாரிடமும் கருத்துக் கேட்காமல் வண்டியை வரவழைத்தார்.

அவசரப் பிரிவு வாசலில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவருக்கு என் நன்றியை எப்படிச் சேர்ப்பதென்று தெரியவில்லை. "தலைவலி" என்றுதான் சொன்னோம். பேனாவை நிறுத்திவிட்டு, "சமீபத்துல குழந்தை பிறந்திருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் வரிசையில் நிற்க விடாமல் நேராக உள்ளே அழைத்துப்போனார். வயிறு தெரியாத ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது சாதாரண விஷயம் இல்லை. மறுபடி மக்னீசியம், மறுபடி அந்தச் சுத்தியல். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய பிரஷர் மாத்திரைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். மகள் பால் குடிப்பதை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது மாத்திரைகளை நிறுத்தியாகிவிட்டது. அடுத்த முறை கர்ப்பமானால் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும், முன்கூட்டியே வந்து பேச வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஆண்டுதோறும் பிரஷர் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். பார்த்துக்கொள்வேன்.

அண்ணி, உங்கள் பிரஷர் மெஷினை என் தோழியிடம் கொடுத்திருக்கிறேன். அவளுக்கு இது 32ஆவது வாரம். அந்தச் சீட்டையும் நகலெடுத்து மெஷின் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்களால் வீடு திரும்பிய ஒரு தாய்