சமரிக்குப் பிறகு வருபவர்களைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

இந்திய மகளிர் கிரிக்கெட் அணியுடன் நம் பெண்கள் மோதும்போதெல்லாம் விளையாட்டுப் பக்கத்தில் ஒரே பேச்சுத்தான்: தொடக்க வீராங்கனை சமரி அத்தபத்து அடித்தால் வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இலங்கை அணியின் வெற்றி தோல்வியை இந்தக் கணக்கை வைத்து அளப்பது தவறு என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சமரியைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. 2017 உலகக் கிண்ணத்தில் பிரிஸ்டலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அணி எடுத்த 257 ஓட்டங்களில் 178 அவருடையது. கடைசி வரை அவரை ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தில் நாம் தோற்றோம். எவ்வளவு பெரிய வீராங்கனையானாலும் ஒருவரால் தனியே ஓர் அணியை இழுத்துக்கொண்டு போக முடியாது.

2022 ஆசியக் கிண்ண இறுதியாட்டம் சில்ஹெட்டில் நடந்தது. சமரி 6 ஓட்டங்களில் ரன் அவுட் ஆனார். அவ்வளவுதான், அப்புறம் வரிசையாக விக்கெட்டுகள் சரிந்தன. 20 ஓவர்களும் ஆடி 9 விக்கெட்டுக்கு 65 ஓட்டங்கள். இந்தியா அதை ஒன்பது ஓவர்கள்கூட ஆடாமல் எடுத்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்துத் தம்புள்ளையில் அதே இறுதியாட்டம், அதே இந்தியா. அதற்கு முன் நடந்த எட்டு ஆசியக் கிண்ணங்களில் ஏழை வென்ற அணி அது. 166 என்ற இலக்கைத் துரத்தும்போது 61 எடுத்த சமரி 94ஆவது ஓட்டத்தில் ஆட்டமிழந்தார். மைதானத்தில் இருந்தவர்களுக்கு நெஞ்சு பதறியிருக்கும், இன்னும் 72 தேவை. ஹர்ஷிதா சமரவிக்ரம பதறவில்லை. 51 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 69. கூட நின்ற கவிஷா டில்ஹாரி 16 பந்துகளில் 30. எட்டுப் பந்துகள் மீதமிருக்க ஆட்டம் முடிந்தது. சமரி கிண்ணத்தைத் தூக்கிய படத்தை எல்லோரும் போட்டார்கள், போடத்தான் வேண்டும். ஆனால் அன்றைய ஆட்ட நாயகி ஹர்ஷிதா.

2025 மே மாதம் கொழும்பில் நடந்த முத்தரப்புத் தொடரில் இந்தியாவுக்கு எதிராக 276 என்ற இலக்கை எட்டியபோதும் ஆட்டத்தைத் திருப்பியது நிலக்ஷிகா சில்வாவின் அதிரடி அரைச்சதம்தான்.

சரி, பிறகு ஏன் தோற்கிறோம்? 2025 செப்டம்பரில் குவாஹாட்டியில் நடந்த உலகக் கிண்ண ஆட்டத்தைப் பாருங்கள். இனோகா ரணவீர ஒரே ஓவரில் ஹர்லீன், ஜெமிமா, ஹர்மன்ப்ரீத் மூவரையும் வீழ்த்தினார். இந்தியா 6 விக்கெட்டுக்கு 124. உலகக் கிண்ணத்தைத் தூக்கப்போகும் அணியை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, கைக்கு வந்த பிடிகளை விட்டோம். ஏழாவது விக்கெட்டுக்குத் தீப்தியும் அமன்ஜோத்தும் சேர்ந்து நூறு ஓட்டங்களைத் தாண்டினார்கள். இந்தியாவின் பலம் அங்கேதான் இருக்கிறது. எட்டாவதாக வருபவரும் அரைச்சதம் அடிக்கிறார். அங்கு 2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக் தொடர், பெருங்கூட்டத்துக்கு முன் பதறாமல் ஆடும் பழக்கத்தை அவர்களின் இளம் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கிறது. நம்மிடம் அப்படியொரு களம் இல்லை.

2025 டிசம்பரில் இந்தியாவுடன் ஆடிய ரி20 தொடரை 5-0 என்று இழந்தோம், வலிக்கத்தான் செய்தது. ஆனால் திருவனந்தபுரத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் சமரி சொற்ப ஓட்டங்களில் போன பின்பும் ஹசினி பெரேரா 65, இமேஷா துலானி 50 எடுத்தார்கள். தோல்வி 15 ஓட்டங்களால் மட்டுமே. சில்ஹெட்டில் 65க்குள் அடங்கிய அணி இதுவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த முறை இந்தியாவை வெல்ல முடியும் என்று நான் நம்புவது இந்த ஆட்டத்தை வைத்துத்தான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளிர் உள்ளூர்ப் போட்டிகளின் ஓட்ட விபரங்களையும் விளையாட்டுப் பக்கத்தில் போடுங்கள். மூன்றாம், நான்காம் இடங்களில் ஆடும் பெண்களின் பெயர்கள் வாசகர்களுக்குத் தெரியட்டும். சமரிக்கு 35 வயது தாண்டிவிட்டது. அவர் விடைபெறும் நாளில் போய் அடுத்தவர் யார் என்று தேடக் கூடாது.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
வவுனியா.