பத்திரத்தை எண்ணினால் வீட்டை எண்ணியதாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதம் பிறந்து முதல் வாரத்தில், சென்னையில் வீடு, மனை, வணிகக் கட்டட விற்பனை போன மாதத்தைவிட இத்தனை சதவீதம் கூடியது, இத்தனை சதவீதம் குறைந்தது என்று உங்கள் நாளிதழில் ஒரு செய்தி வரும். அதை நான் ஒரு மாதம்கூட விட்டதில்லை. தென்சென்னையில் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் 1993 முதல் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். தட்டச்சராகத் தொடங்கினேன். முத்திரைத்தாளை மிஷினில் செருகி, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் கிரயப் பத்திரம் அடித்து முடிக்க வேண்டிய காலம் அது. பிறகுதான் ஆவண எழுத்தர் உரிமம் வாங்கினேன்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது என்னிடம் வந்த ஒரு பெண். தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாசி மாதம் கையில் ஒரு அக்ரிமெண்டோடு வந்து நின்றாள். மடிப்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு. நான்கு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டாள். மூலப் பத்திரம் பார்க்கவில்லை, பிளான் பார்க்கவில்லை.

"ஏம்மா இவ்வளவு அவசரம்?" என்றேன்.

"பேப்பர்லயே போட்டிருந்தாங்களேக்கா, ஜனவரியைவிட பிப்ரவரியில விற்பனை ஏறிடுச்சுன்னு. இன்னும் ரெண்டு மாசம் போனா நம்ம கைக்கு எட்டாதுன்னு புரோக்கர் சொன்னார்" என்றாள்.

போனை எடுத்துக் காட்டினாள். செய்தித்தாள் துண்டு, தலைப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அது எந்த நாளிதழ் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லா நாளிதழ்களும் இந்தச் செய்தியை ஒரே மாதிரிதான் எழுதுகின்றன.

அந்த அக்ரிமெண்டில், மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்கத் தவறினால் முன்பணம் திரும்பாது என்று ஒரு வரி இருந்தது. பேங்க் வக்கீல் பார்த்தபோது, அனுமதி வாங்கிய பிளானைவிடக் கட்டடத்தில் ஒரு மாடி அதிகம், இவள் வாங்கப் போனது அந்த மாடியில்தான். லோன் கிடைக்கவில்லை. விற்றவர் அந்த வரியைக் காட்டினார். நடையாய் நடந்து ஒன்றரை லட்சம் திரும்ப வந்தது. மீதி இரண்டரை லட்சத்தில் தாலிச் சங்கிலி அடகு வைத்த பணமும் அடக்கம்.

ஐயா, ஜனவரியைவிட பிப்ரவரியில் பதிவு கூடுவது செய்தியே இல்லை. ஜனவரியின் முதல் பாதி மார்கழி. மார்கழியில் யார் வந்து கிரயம் செய்வார்கள்? பொங்கல் விடுமுறை முடிந்து தை முகூர்த்தம் தொடங்கிய பிறகுதான் எங்கள் மேசையில் பேப்பர் சேரும். பிப்ரவரியோ பாதி தை, பாதி மாசி. இரண்டுமே நல்ல மாதங்கள். அதனால் 28 நாள்தான் இருந்தாலும் பிப்ரவரி ஜனவரியை முந்தும். என் கணக்கு நோட்டில் ஊரடங்கு ஆண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் அநேகமாக எல்லா வருடமும் அப்படித்தான் இருக்கிறது. அதேபோல ஜூலை பாதியில் ஆடி பிறக்கிறது, கூட்டம் வடிகிறது. ஆகஸ்ட் பாதியில் ஆவணி, மறுபடியும் டோக்கன் கிடைக்காது. இந்த ஏற்ற இறக்கம் பஞ்சாங்கத்தினுடையது. அதைச் சந்தையின் ஏற்ற இறக்கமாக எழுதினால் படிக்கிறவர் விலை ஏறுகிறது, விலை விழுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு சரியாகும், முழுக்க ஆகாது. அட்சய திருதியை 2024இல் மே 10ஆம் தேதி வந்தது. 2025இல் ஏப்ரல் 30. அந்த ஒரே நாளில் பதிவுத்துறைக்குத் தமிழகம் முழுவதும் 270 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வந்தது என்று நீங்களே செய்தி போட்டீர்கள். அந்த ஒரு நாள் மேயிலிருந்து ஏப்ரலுக்கு நகர்ந்தாலே, ஒரு மாதம் வீங்கியும் மறு மாதம் மெலிந்தும் தெரியாதா?

உங்கள் நிருபர் ஒரு முகூர்த்த வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வந்து பார்த்தால் புரியும். ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு வழக்கமாக நாளுக்கு 100 டோக்கன். நல்ல நாள் என்றால் அரசே அறிவிப்பு கொடுத்து 150 ஆக்குகிறது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அந்த ஒன்றரை மணி நேரம் டோக்கன் கூப்பிட்டாலும் பலர் எழுந்திருக்க மாட்டார்கள். "நாங்க அப்புறம் வர்றோம் சார்" என்று மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டு அடித்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும். இந்தத் தையில், பரம்பரை இடத்தை விற்க வந்த ஒரு பெரியவருக்கு விரல் ரேகை விழவே இல்லை. வயலில் வேலை செய்து தேய்ந்த விரல். வேட்டியில் துடைத்துத் துடைத்து வைக்கிறார், மிஷின் ஏற்கவில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். கடைசியில் வேறொரு விரலை வைத்துப் பார்த்ததில் விழுந்தது. அடுத்த செவ்வாய், அஷ்டமி. அதே வாசலில் பெஞ்சு காலி. நானும் டீக்கடைக்காரரும்தான் பேசிக்கொண்டிருந்தோம். சந்தை நான்கு நாளில் செத்தா போய்விட்டது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். பதிவான பத்திரங்களின் எண்ணிக்கையை எடுத்து "விற்பனை" என்று போடுகிறீர்கள். பதிவாகிற பத்திரமெல்லாம் கிரயமா? அப்பா மகனுக்கு எழுதும் செட்டில்மெண்ட் உண்டு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை உண்டு. தன் பங்கு வேண்டாம் என்று தங்கை எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் உண்டு. பவர் உண்டு, பவர் ரத்தும் உண்டு. வீட்டுக் கடன் வாங்கினால், மூலப் பத்திரத்தை பேங்கில் ஒப்படைத்ததற்கு ஒரு பத்திரம், கடன் முடிந்தால் ரசீது ஒன்று. வேளச்சேரியில் ஒருவர் ஒரு பிளாட் வாங்குகிறார் என்று வையுங்கள். கிரய அக்ரிமெண்ட், கிரயப் பத்திரம், பேங்குக்கு எழுதுவது என்று மூன்று எண் விழுகின்றன. குடி போவது ஒரே குடும்பம். என் மேசையில் எழுதப்படுவதில் நேரடிக் கிரயம் பாதியைத் தாண்டும் மாதங்கள் குறைவு.

அடுக்குமாடி வீடுகளின் கணக்கே 2023 டிசம்பரில் மாறிவிட்டது. அதற்கு முன் புது பிளாட் என்றால் நிலத்தில் பிரிபடாத பாகத்துக்கு ஒரு கிரயம், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். அந்தப் பிரிபடாத பாகத்தை நாங்கள் யு.டி.எஸ். என்றுதான் சொல்வோம். 2023 டிசம்பர் 1 முதல் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்புக்கு ஒரே கிரயம். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முன்பு 20 லட்ச ரூபாய் நிலப் பாகம் என்று பதிவான அதே வீடு இப்போது 70 லட்சம் என்று பதிவாகிறது. அப்படியிருக்க, பதிவான மதிப்பை முந்தைய வருடங்களோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு வளர்ச்சி என்று எழுதினால் அது எந்த வளர்ச்சி?

மார்ச் 2023 நினைவிருக்கிறதா? மார்ச் 20ஆம் தேதி பட்ஜெட்டில், ஏப்ரல் முதல் வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைக்கும் நில மதிப்பு, 2017 ஜூனுக்கு முன்பிருந்த கூடுதல் அளவுக்குத் திரும்பும், பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகும் என்று அறிவித்தார்கள். கட்டணம் குறைகிறது என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 40 லட்சம் மதிப்புக்கு அன்று முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 11 சதவீதம், 4 லட்சத்து 40 ஆயிரம். ஏப்ரலில் அதே இடத்தின் மதிப்பு 60 லட்சம், அதற்கு 9 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம். கணக்கைப் பார்த்தவர்கள் மறுநாளே பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பத்து நாள் நான் மதியச் சாப்பாட்டை மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட்டேன். ஏப்ரலில் வாசல் வெறிச்சோடியது. ஏப்ரலில் வாங்க வேண்டியவர்கள் மார்ச்சிலேயே வாங்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

பதிவான மாதமும் பேசி முடித்த மாதமும் ஒன்றல்ல என்பதையும் யாரும் எழுதுவதில்லை. விலை பேசி அட்வான்ஸ் கொடுத்து, பேங்க் லோன் வந்து, கிரயம் எழுதவே மூன்று மாதம் ஆகும். எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தையும் நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஆவணியில் நீங்கள் எண்ணுவது சித்திரையில் பேசி முடித்த விலையாக இருக்கலாம். வட்டி குறைந்தது, அதனால் இந்த மாதம் விற்பனை உயர்ந்தது என்று உடனே முடிச்சுப் போட முடியாது.

வணிகக் கட்டடங்கள் என் மேசைக்கு அதிகம் வருவதில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஓ.எம்.ஆர்., கிண்டி என்று லட்சக்கணக்கான சதுர அடி சொல்கிறீர்களே, அதில் பெரும்பகுதி குத்தகை. விற்பனை அல்ல. கம்பெனி இடம் எடுப்பதையும் ஒரு மளிகைக் கடைக்காரர் நங்கநல்லூரில் 300 சதுர அடி கடையைச் சேமிப்பில் வாங்குவதையும் ஒரே வரியில் "வணிகச் சொத்து" என்று போட்டால், அந்தக் கடைக்காரருக்கு அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

எந்தச் சென்னை என்பதையும் தயவுசெய்து போடுங்கள். மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் எல்லை பல வருடம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022இல் 5,904 ஆக விரிவாக்கி அரசாணை போட்டார்கள். படப்பையிலும் திருப்போரூரிலும் சென்ட் கணக்கில் போகும் மனையும் மயிலாப்பூரில் கிரவுண்டு கணக்கில் கைமாறும் பழைய வீடும் ஒரே சராசரிக்குள் போய்விட்டால், மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு ஒரு வீட்டுக்குச் சேர்க்கிறவருக்கு அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை.

செய்தியே போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள், மக்களுக்கு வேண்டிய செய்திதான். ஆனால் எண்ணியது பத்திரமா, கிரயமா என்று ஒரு வரி சேருங்கள். மனை, புது பிளாட், பழைய வீடு, கடை என்று பிரித்துப் போடுங்கள். ஆடியை ஆனியோடு ஒப்பிடாமல் போன ஆடியோடு ஒப்பிடுங்கள். கட்டணமோ வழிகாட்டி மதிப்போ மாறிய மாதம் என்றால் அதை அடிக்குறிப்பில் தள்ளாமல் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். யாரிடமிருந்து எண் வாங்கினீர்கள் என்பதையும் போடுங்கள். பில்டர்கள் தரும் எண்ணுக்கும் பதிவுத்துறை தரும் எண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. பில்டருக்கு புக்கிங் ஆனாலே விற்பனை. எங்களுக்கு ரேகை வைத்தால்தான் விற்பனை.

அந்த நர்ஸ் போன வாரம் மறுபடியும் வந்திருந்தாள். இன்னொரு வீடு பார்த்திருக்கிறாள், இந்த முறை பழைய கட்டடம், ராம் நகரில். முப்பது வருட வில்லங்கச் சான்றிதழும் மூலப் பத்திர நகலும் அனுமதி பெற்ற பிளானும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். 1998இல் ஒரு பவர் பத்திரம் இடிக்கிறது. பவர் கொடுத்தவர், அந்தப் பவரை வைத்து எழுதிய கிரயத்தின் தேதியில் உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டும். அதுவரை ஒரு ரூபாய் கொடுக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். "இப்ப விற்பனை குறைஞ்சிருக்குன்னு பேப்பர்ல வந்திருக்கேக்கா, விலை இறங்குமா?" என்று கிளம்பும்போது கேட்டாள். ஆடி மாதம்மா இது என்றேன்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.