குண்டு ஏற்றியவர்களின் கிறிஸ்துமஸ்

சின்ட்-ட்ரூய்டன், பெல்ஜியம்
28 டிசம்பர் 2024

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நானும் அவரும் பிள்ளைகளும் சுகம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தம்பி அனுப்பிய முந்திரிக்கொத்து பண்டிகைக்கு முன்பே வந்துவிட்டது. சின்னவள் எண்ணி எண்ணித்தான் எல்லோருக்கும் கொடுக்கிறாள்.

எனக்கு அதே பேரிக்காய்க் கொட்டகை வேலைதான். செப்டம்பரில் பறித்த காயை ஆக்சிஜன் குறைத்த குளிர் அறைகளில் அடைத்து வைத்து, கோடை வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தரம் பிரிக்கிறோம். கூட வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பஞ்சாபிகள், அதிலும் ஜலந்தர் பக்கத்துக்காரர்கள். 1971 யுத்தத்தில் நீங்கள் அவர்கள் ஊர்ப் பக்கத்து ஆதம்பூர் விமானதளத்தில் சுகோய்-7 விமானங்களுக்குக் குண்டு ஏற்றியதைச் சொன்னதிலிருந்து எனக்கு அங்கே தனி மரியாதை. ஒரு சர்தார் அண்ணன் தினமும் உங்கள் சுகம் விசாரிக்கிறார்.

இந்த ஊரைப் பற்றி உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. வேலைக்குப் போகிற வழியில் ப்ரூஸ்டெம் என்ற விமானதளம் இருக்கிறது. இப்போது அங்கே ட்ரோன்களைச் சோதிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரவுச் சண்டை விமானங்கள் இங்கிருந்துதான் கிளம்பின. 1944 செப்டம்பரில் அமெரிக்கர்கள் ஊரைப் பிடித்த பிறகு அவர்களுடைய 48-வது, 404-வது ஃபைட்டர் குரூப்கள், அதாவது சண்டை விமானப் பிரிவுகள், வந்து இறங்கின. இரண்டிலும் சேர்த்து மொத்தம் ஆறு ஸ்குவாட்ரன் (விமான அணி). விமானம் பி-47 தண்டர்போல்ட். சரியாக எண்பது வருஷத்துக்கு முன் இதே கிறிஸ்துமஸ் வாரத்தில் இங்கே என்ன நடந்தது என்று இந்த மாதம் முழுக்க ஊரில் பேச்சு. எல்லோரும் விமானிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கோ மனசு முழுக்க உங்கள் ஆட்கள்தான் அப்பா, தரையில் நின்றவர்கள்.

1944 டிசம்பர் 16 அன்று ஆர்டென் காட்டு வழியாக ஜெர்மன் படை திடீரென்று புகுந்தது. அமெரிக்க விமானங்கள் எழும்ப முடியாத வானிலை வேண்டும் என்று காத்திருந்துதான் ஹிட்லர் அந்தச் சமயத்தைத் தேர்ந்தெடுத்தார். நினைத்தபடியே மூடுபனி கவிந்தது. ஒரு வாரத்துக்குப் பெரும்பாலும் விமானங்கள் தரையில்தான். பாஸ்டோன் நகரம் முற்றுகையில் மாட்டிக்கொண்டது. அமெரிக்க ஜெனரல் பேட்டன் தன் படைக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அச்சடித்தாராம். ஒரு பக்கம் வாழ்த்து, மறுபக்கம் நல்ல வானிலைக்கு ஜெபம். மொத்தம் 250,000 அட்டைகள். 23-ந் தேதி கிழக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று வந்து வானம் திறந்தது. பிறகு பண்டிகை முடியும் வரை பகல் முழுக்க வெயில், இரவு முழுக்க உறைபனி.

வானம் திறந்தால் யாருக்கு வேலை என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? இங்கே டிசம்பரில் எட்டே முக்காலுக்குச் சூரியன் வரும், நாலரைக்கு இருட்டிவிடும். அந்த எட்டு மணி நேரத்துக்குள் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை விமானம் போய்வர வேண்டும். சண்டை நடந்த இடமும் தூரமில்லை. சான்க்ட் வித், பாஸ்டோன் எல்லாம் வான்வழியில் நூறு கிலோமீட்டருக்குள்தான். போவதும் வருவதும் அத்தனை சீக்கிரம் என்றால், தரையில் இருப்பவனுக்கு மூச்சு விட நேரமேது?

அவர்கள் செய்த வேலை ஒவ்வொன்றையும் படிக்கும்போது நீங்கள்தான் கண்ணில் வந்தீர்கள். பி-47-இன் இன்ஜின் பதினெட்டு சிலிண்டர், 2,000 குதிரைத்திறன். உறைபனியில் ஆயில் கூழாகிவிடும். அதனால் இன்ஜினை நிறுத்தும் முன்பே ஆயிலில் கொஞ்சம் பெட்ரோல் கலந்து இளக்கி வைப்பார்கள். கிளப்பும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுவார்கள். அடிச் சிலிண்டரில் ஆயில் தேங்கியிருந்தால் இன்ஜின் உடைந்துவிடுமே. இறக்கையில் படிந்த பனியைச் சுரண்டி எடுக்காவிட்டால் விமானம் எழும்பாது. இதெல்லாம் விடியும் முன்பு, இருட்டில்.

குண்டும் தோட்டாவும் ஏற்றும் ஆர்மரர்களுக்கு அதைவிடக் கஷ்டம். இறக்கைக்கு நான்கு வீதம் எட்டு மெஷின்கன். முழுக்க நிரப்பினால் துப்பாக்கிக்கு 425 ரவுண்டு, மொத்தம் 3,400. இறக்கைக்கு ஒன்றாக 500 பவுண்டு குண்டு, சில நாள் அதற்குப் பதில் நாபாம் என்ற தீக்குழம்புத் தொட்டி. குண்டை ஏற்றிய பிறகு அதன் மூக்கிலும் வாலிலும் வெடிக்க வைக்கும் ஃப்யூஸ் மாட்டி, அதன் சிறு விசிறி சுழலாமல் பாதுகாப்புக் கம்பியைக் கோக்க வேண்டும். குண்டு விழும்போது கம்பி விமானத்தோடு நின்றுவிடும், விசிறி சுழலும், ஃப்யூஸ் உயிர்பெறும். அந்தக் கம்பியைக் கையுறையோடு கோக்க முடியாது என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. உறைந்த இரும்பு, வெறும் விரல். ஆதம்பூர் குளிரில் உங்கள் விரல் வெடித்ததாக அம்மா சொல்லுவாளே, ப்ரூஸ்டெமில் குளிர் அதற்கும் மேல்.

இன்னொன்று. பி-47-இன் மூக்கு பெரிது. தரையில் உருளும்போது விமானிக்கு முன்னால் எதுவும் தெரியாது. அதனால் மெக்கானிக் ஒருவர் இறக்கையின் மேல் உட்கார்ந்து, ப்ரொப்பெல்லர் காற்றைத் தாங்கிக்கொண்டு, கைச்சாடையால் வழி காட்டுவார். ஓடுதள முனையில் குதித்து இறங்கி, விமானம் நிற்கும் இடத்துக்குத் திரும்பி வந்து காத்திருப்பார். எங்கள் கொட்டகைத் தோழி ஒருத்தியின் அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. விடியும் முன் ஜன்னல் கண்ணாடி அதிரும், அதைக் கேட்டால் இன்றைக்கு வானம் தெளிவு என்று வீட்டில் சொல்வார்களாம். சாயங்காலம் எத்தனை திரும்புகிறது என்று எண்ணுவாளாம்.

தரைக்கு நெருங்கித் தாழப் பறந்து டாங்கிகளையும் லாரிகளையும் அடித்ததால் விமான எதிர்ப்பு பீரங்கிக்கு இவர்கள் எளிய குறி. ஒரு ஸ்குவாட்ரனில் விமானிகள் முப்பது, நாற்பது பேர். மற்ற இருநூறு பேருக்கும் மேல் தரை ஆட்கள். பண்டிகைக்கு வான்கோழி வறுவல் கொடுத்தார்கள் என்றாலும் முறை வைத்துத்தான் சாப்பிட்டிருக்க முடியும். தன் விமானம் வராதவனுக்கு அது இறங்கியிருக்குமா?

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. விழுந்த குண்டுகளில் நிறைய இந்த நாட்டு வீடுகள் மேலேயே விழுந்தன. மால்மெடி என்ற ஊர் அமெரிக்கர் கையில்தான் இருந்தது. அதையே அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் தவறாக 23, 24, 25 என்று மூன்று நாளும் அடித்தன. சான்க்ட் வித் கிறிஸ்துமஸ் அன்றும் மறுநாளும் அடிபட்டுத் தரைமட்டமானது. இவை இங்கிருந்து போன விமானங்கள் அல்ல, பெரிய குண்டுவீச்சு விமானங்கள். ஆனாலும் ஏற்றிய கையெல்லாம் ஒரே மாதிரிக் கைதானே. ஏற்றியவனுக்கு அது எங்கே விழப்போகிறது என்று தெரியாது. நீங்கள் 1971-ஐப் பற்றிப் பேசும்போது ஓரிடத்தில் நிறுத்திவிடுவீர்களே, அது இதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

1945 புத்தாண்டு காலையில் ஜெர்மன் விமானங்கள் இந்தத் தளங்களைத் தாக்கின. அவற்றில் ஒரு ஃபோக்கவுல்ஃப்-190 இங்கேயே இறங்கி மாட்டிக்கொண்டது. 404-இன் ஆட்கள் அதற்குச் செந்நிறம் பூசித் தங்கள் அடையாளத்தைப் போட்டுவிட்டார்கள். போட்டோ இருக்கிறது, பெரியவன் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பாருங்கள்.

அப்பா, ஒரு வேண்டுகோள். ஆதம்பூரில் உங்கள் ஷிஃப்ட் எப்போது தொடங்கும், ஒரு விமானத்தைத் திரும்ப அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும், இருட்டில் எந்த வெளிச்சத்தில் வேலை செய்தீர்கள், கூட இருந்தவர்கள் யார் யார், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கை வலித்தால் தம்பியை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள், சர்தார் அண்ணனும் கேட்கிறார். அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன். புத்தாண்டு ஆராதனைக்குப் போகும்போது கம்பளிக் குல்லா போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்